ஏழாம் நம்பர் பெட்டி

‘மார்ச் 11. இன்றைய தவறு என்னுடையது. டப்பா இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூக்கன் எதையும் மோந்து பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான், நேராகப் போய் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டான். இனிமேல் டப்பாவை அண்ணி ஒளித்து வைக்கட்டும். நான் வெளியே நிற்கிறேன்.’

நாய்களுக்கான மோப்பத் தேர்வு நடக்கும் கூடத்தின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, நாலு நாளைக்கு முன் எழுதிய இந்தக் குறிப்பை அவள் மறுபடி படித்தாள். காலடியில் மூக்கன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்திருந்தான். பகலெல்லாம் கூரியர் ஆபீசில் பார்சல் பிரித்துவிட்டு, ஆறு மாதமாக மாலை வகுப்புக்கு அவனோடு அலைந்ததெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான்.

விளையாட்டு என்னவோ எளிதுதான். உள்ளே வரிசையாகப் பத்து அட்டைப் பெட்டிகள். ஒன்றில் மட்டும், கிராம்பு எண்ணெய் தொட்ட பஞ்சு வைத்த சின்னத் தகர டப்பா. வாசனை வரும் இடத்தில் நாய் உட்கார வேண்டும். கூட வந்தவர் கையைத் தூக்கி ‘இங்கே’ என்று சொல்ல வேண்டும்.

அண்ணன் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டான். “பாஸானா வீட்டுல இருக்கட்டும். இல்லேன்னா நாளைக்கே என் ஃப்ரெண்டோட குடோனுக்கு. செருப்பைக் கடிக்கிறதைத் தவிர அவனுக்கு என்ன தெரியும்? அங்க சங்கிலியில கிடந்து குரைக்கட்டும்.”

“பாஸாயிடுவாண்ணா.”

“அவன் ஆயிடுவான். நீதான் கடைசி நிமிஷத்துல சொதப்புவே.”

அதுதான் அவளுக்கும் பயம்.

முதலில் போனவர் தேர்வை நடத்தும் நாய் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். எந்தப் பெட்டியில் டப்பா என்ற குறிப்பை டைப் அடித்துக் கொடுத்தவரும் அவர்தான். அரை நிமிடத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தவர், அடுத்தவர் காதில் ஏதோ சொன்னார். அடுத்தவர் அதற்கடுத்தவர் காதில். எட்டுப் பேர் உள்ளே போனார்கள், எட்டுப் பேரும் சான்றிதழோடு வந்தார்கள்.

எட்டாவதாக வந்த டெய்லர் அக்கா, அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். “இன்னும் நீ ஒருத்திதானே? நம்பர் சொல்லட்டுமா?”

“வேணாங்க்கா.”

“அடிப் போடி. எல்லாருக்கும் தெரியும். நீ மட்டும் என்ன தனியா?”

“தெரிஞ்சா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்க்கா. அப்புறம் பாஸானது அவனா நானான்னு எனக்கே தெரியாமப் போயிடும்.”

“நல்லா வருவே போ” என்று அக்கா சான்றிதழால் விசிறிக்கொண்டாள்.

உள்ளே, பெட்டி வரிசையின் கோடியில் தேர்வாளர் நின்றிருந்தார். மேஜை மேல் போன் விடாமல் அடித்தது. “காலையில பஞ்சுக்கு இன்னும் ரெண்டு சொட்டு எண்ணெய் விடலாம்னு எடுத்தேன், அப்ப அடிக்க ஆரம்பிச்சது இந்த போன், இன்னும் ஓயலை” என்று அதைக் கவிழ்த்து வைத்தார். “ம், ஆரம்பிம்மா.”

“தேடு” என்றாள்.

மூக்கன் முதல் பெட்டியிலிருந்து ஒழுங்காகத்தான் போனான். ஏழாவதை மோந்தான், நின்று காதைச் சொறிந்தான், நகர்ந்தான். பத்தும் முடிந்ததும் தலையைத் தூக்கிக் காற்றை இழுத்தான். நேராகத் தேர்வாளர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

“நான் பெட்டியில்லைப்பா” என்றார் அவர்.

வாசலில் சிரிப்புக் கேட்டது. காது மடல் சூடாக, அவள் மூக்கனை இழுத்துவந்து மறுபடி முதல் பெட்டியிலிருந்து அனுப்பினாள். மறுபடியும் அங்கேயே போய் உட்கார்ந்தான், இந்த முறை இன்னும் நெருக்கமாக.

ஒரு மனிதரைக் காட்டி எப்படிச் சொல்வது? ஆனால் உன் மூளையை நம்பாதே, அவன் மூக்கை நம்பு என்றுதானே ஆறு மாதமாகப் படித்தாள். கை தோள் வரைதான் எழும்பியது.

“இங்கே... சார்.”

“சார் கிராம்பு வெச்சுப் பல் விளக்கினாரோ என்னமோ” என்றாள் டெய்லர் அக்கா. வாசலே கொல்லென்று சிரித்தது.

தேர்வாளர் தாளில் ஒரு சுழி போட்டார். “ஏழாம் நம்பர்மா. எட்டு நாய் கண்டுபிடிச்சிடுச்சு. இது ஒண்ணுதான் கோட்டை விட்டுடுச்சு.”

மூக்கன் இடத்தை விட்டு எழுந்திருக்க மறுத்தான். வாரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக நின்றபடியே அவள் நோட்டைத் திறந்தாள். ‘மார்ச் 15. தவறு என்னுடையது. எங்கே என்றுதான் தெரியவில்லை. நாளை காலை ஒன்பது மணி: மூக்கனைக் குடோனில் விட வேண்டும்.’

வெளியே எட்டுப் பேரும் நாய்களோடு போட்டோவுக்கு வரிசை கட்டினார்கள். தேர்வாளர் டப்பாவை எடுத்து வைக்க ஏழாம் பெட்டியைத் திறந்தார். உள்ளே கையை விட்டுத் துழாவினார். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

மேஜையில் கவிழ்த்து வைத்த போனைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் பேண்ட் பைக்குள் கையை விட்டார்.

தகர டப்பா வந்தது.

டப்பாவைப் பார்த்தார். காலடியில் அசையாமல் உட்கார்ந்திருந்த மூக்கனைப் பார்த்தார். சான்றிதழை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்ற எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“நாளைக்குக் காலையில அந்த எட்டு நாய்க்கும் மறுதேர்வு. கூட ஆள் யாரும் வர வேண்டாம்.”