ஓட்டிப் பார்க்கப் போனவன்

ஊரில் எவனையும் நம்புவதற்கில்லை என்பது சூரியபிரகாஷ் முடிவாகக் கண்டுபிடித்திருந்த விஷயம். அதுவும் பைக் விற்கிறதென்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்குகிறவன் அப்படியே திண்டுக்கல் ரோட்டைப் பிடித்துவிடுகிறான். விற்க வந்தவன் வாசலில் வாயைப் பிளந்து நிற்கிறான். இந்த மாதிரி வீடியோக்களைப் பார்த்துப் பார்த்தே அவனுக்குத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது.

வண்டியும் லேசுப்பட்டதல்ல. முந்நூற்றைம்பது சிசி. தினமும் வேலைக்குப் போய் வரலாம், மனசு வைத்தால் கொடைக்கானல் மலையும் ஏறலாம், நடுவழியில் நின்று மானத்தை வாங்காது. ஆனையூர் வாடகை வீட்டின் பின்பக்கம் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தான். பகலில் வெளியே எடுப்பதே இல்லை. வெயில் பட்டால் பெயிண்ட் மங்கிவிடுமாம்.

மறுநாள் காலையில் குடும்பத்தோடு திருப்பூருக்குக் குடிபோகிறான். அதற்குள் வண்டியைத் தள்ளிவிட்டாக வேண்டும். செல்போனில் போட்ட விளம்பரத்தைப் பார்த்து ஸ்டீபன் என்கிற இளைஞன் வந்தான். கூடவே காட்டன் சேலையும் தோளில் பெரிய பையுமாக ஒரு பெண்மணி.

“எங்க அக்காண்ணே. நான் எது வாங்குனாலும் இவுங்க பாத்து சரின்னு சொல்லணும்,” என்றான்.

“அக்கா, இது ஸ்கூட்டி இல்ல. எம்புட்டு கனம் தெரியுமா? பொம்பளையாளுக்கு நகத்தக்கூட முடியாது,” என்று சூரியபிரகாஷ் சிரித்தான்.

“அப்படியா தம்பி,” என்று அக்காக்காரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

சூரியபிரகாஷ் அப்புறம் ஸ்டீபனிடம் மட்டும்தான் பேசினான். தனுஷ்கோடி வரைக்கும் போய் வந்ததாகவும் ஒரு பஞ்சர்கூட ஆனதில்லை என்றும் அளந்தான். ஸ்டீபன் ஹேண்டில்பாருக்குக் கீழே குனிந்து பார்த்தான்.

“இந்தக் கொக்கி எதுக்குண்ணே?”

“ஹெல்மெட் மாட்டத்தான். நானே வெல்டிங் கடையில சொல்லி வச்சது.”

அக்காக்காரி முதல்முறையாகச் சிரித்தாள்.

“ஆர்.சி. புக்கு பேங்க்ல கெடக்கு, ஒரு வாரத்துல வாங்கித் தந்துர்றேன்.”

“அது மெதுவா வரட்டும்ணே. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வாரேன்.”

வந்தது வில்லங்கம். ஆனால் சூரியபிரகாஷ் தயாராகத்தான் இருந்தான்.

“தாராளமா போயிட்டு வாங்க தம்பி. அக்கா இங்கன இருக்கட்டும்.”

கூடப் பிறந்தவளை அடமானம் வைத்துவிட்டு எவன் ஓடுவான்? தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு சாவியைக் கொடுத்தான். வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

அவன் மனைவி தாமரைச்செல்வி காபியும், ஒரு எவர்சில்வர் டப்பாவில் காராச்சேவும் கொண்டுவந்து வைத்தாள்.

“தட்டெல்லாம் மூட்டை கட்டியாச்சுக்கா. டப்பாவோடயே எடுத்துக்கங்க.”

“டப்பா நல்ல கனமா இருக்கேம்மா.”

“இவரு வாங்கியாந்தது. கல்யாணம் கட்டி இம்புட்டு வருசத்துல எனக்குன்னு வாங்கித் தந்த ஒரே சாமான் இதுதான்.”

காபி ஆறிப்போனது. ஸ்டீபன் வரவில்லை. சூரியபிரகாஷ் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து பார்த்தான். போன் போட்டான், சுவிட்ச் ஆஃப் என்றது.

“என்னக்கா, ஒரு ரவுண்டுக்கு இம்புட்டு நேரமா?”

“நல்ல வண்டில்ல தம்பி. ஆசையில கொஞ்சம் தூரம் போயிருப்பான்.” அவள் நிதானமாகக் காராச்சேவைக் கொறித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நிதானம்தான் அவனுக்கு எரிச்சலைக் கிளப்பியது. “நெசமாவே நீங்க அவனுக்கு அக்காதானா, இல்ல கூலிக்குக் கூட்டியாந்த ஆளா?”

“ஒரே வயித்துல பொறந்தோம்.”

“அப்பக் குடும்பமே களவாணிக் குடும்பமா? அடுத்தவன் பொருளத் தூக்குறோமேன்னு கூசாதா உங்களுக்கு? நேர்மையா இருக்கவன் இந்த நாட்டுல பொழைக்கவே முடியாது போல. இந்தா, போலீசுக்குப் போன் போடுறேன்.”

“போடுங்க தம்பி. நானும் அவுங்ககிட்டப் பேசணும்.”

சூரியபிரகாஷ் போனை எடுத்தான். எடுத்த கை அப்படியே நின்றது.

“போடுங்களேன், என்ன யோசனை?” என்றாள் தாமரைச்செல்வி. அவன் போடவில்லை. சார்ஜ் இல்லை என்று முணுமுணுத்தான்.

அக்காக்காரியின் பைக்குள் செல்போன் ஒலித்தது. எடுத்துப் பேசிவிட்டு எழுந்தாள். “தம்பி வீடு போய்ச் சேந்துட்டானாம். அப்ப நானும் வாரேன்.”

சொல்லிவிட்டு, மிச்சக் காராச்சேவை ஒரு பேப்பரில் கொட்டினாள். டப்பாவைத் துடைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தாமரைச்செல்விக்குப் பொறுக்கவில்லை. பையைப் பிடித்துக்கொண்டாள். “வண்டி போனது பத்தாதுன்னு டப்பாவுமா? அது எங்களுது. அடியில பெர்சின்னு கடைப் பேரு வெட்டியிருக்கும், எடுத்துப் பாருங்க. இவரு அந்தக் கடையிலதான் வாங்குனாரு.”

“அது கடைப் பேரு இல்லம்மா, என் பேரு,” என்றாள் அவள். “உங்க வீட்டுக்காரரு சொன்ன கொக்கியும் ஹெல்மெட்டுக்கில்ல. மாட்டுத்தாவணியில நான் பூ வாங்கிட்டுத் திரும்புறதுக்குள்ள என் வண்டி காணாமப் போச்சே, அன்னிக்கு இந்த டப்பா சாப்பாட்டுப் பையோட அதுலதான் தொங்குச்சு.”