ஓடாத காருக்குப் புது பேட்டரி

"இன்னைக்கே மாத்திடச் சொல்லு."

"எதுக்குப்பா? யாரு ஓட்டப் போறா?"

"மாத்தச் சொன்னா மாத்து. கேள்வி கேக்காதே."

படுத்த படுக்கையாகியும், நினைத்தது நடந்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிற குணம் மட்டும் அப்பாவை விட்டுப் போகவில்லை. மூத்தவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டபோதே டாக்டர் கையை விரித்துவிட்டார். எழுந்து உட்காரவே இன்னொருத்தர் தயவு வேண்டும். இதில் கார் ஆசை ஒன்றுதான் கேடு!

வாசலில், தகரக் கூரைக்குக் கீழே கார் நின்றது. மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பேட்டரிக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு சார். சார்ஜ் ஏத்தினாலும் நிக்காது. அம்மா தினமும் ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டதாலதான் இவ்வளவு நாள் தாக்குப்பிடிச்சுது."

"மாத்தித்தான் ஆகணுமா?"

"வண்டி ரோட்டுக்குப் போறதா இருந்தா இப்பவே மாத்துங்க. சும்மா நிக்கறதுக்குன்னா நான் வேணாம்னுதான் சொல்லுவேன். புதுசும் பாழாப் போயிடும்."

வருகிற வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு மெக்கானிக்கே வேண்டாம் என்கிறார். அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது?

"கொஞ்சம் இருங்க, வந்துடறேன்" என்று உள்ளே போனான்.

சமையலறையில் அம்மா மாத்திரையைப் பொடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீயாவது அவருக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"விடுடா. அந்த வண்டின்னா அவருக்கு உசிரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அம்மா எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். அவர் படுக்கையை நனைத்தாலும் சிரிப்பு, ஊட்டிய சாப்பாட்டைத் துப்பினாலும் சிரிப்பு. என்ன ஜென்மமோ என்று அவனுக்கே சில சமயம் எரிச்சலாக வரும்.

போன தடவை வந்திருந்தபோது அந்தக் கூத்தைக் கண்ணாலேயே பார்த்தான். காலையில் அவரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அம்மா உட்கார்ந்தாள். உடனே ஆரம்பித்துவிட்டார்.

"உட்கார்ந்துட்டியா? போ, போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணு. பேட்டரி இறங்கிடும்."

அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவியைத் திருப்ப மட்டும்தான் தெரியும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, உறுமுகிற வண்டிக்குள் தனியாக உட்கார்ந்திருப்பாள். சீக்கிரம் திரும்பி வந்தால் அதற்கும் திட்டு.

"அதுக்குள்ள என்ன அவசரம்? இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும். போ!"

திரும்பிப் போனாள். மறுபடி வந்தபோது கண் சிவந்திருந்தது. ஏன் என்று கேட்டால், "ஷெட்டுல ஒரே தூசிடா" என்றாள்.

இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டியதுதான். நேரே அப்பாவின் கட்டிலுக்குப் போனான்.

"பேட்டரி கீட்டரி ஒண்ணும் வேணாம்பா. வண்டியை வித்துடலாம். ஆள் பார்த்தாச்சு, ஞாயித்துக்கிழமை வந்து இழுத்துட்டுப் போயிடுவான்."

அப்பாவின் இடது கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கையில் இவ்வளவு பலம் இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

"விக்காதேடா."

மூத்தவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? அம்மா உங்க கண்ணுக்கு மனுஷியாவே தெரியலையா? ராவும் பகலும் உங்களைப் பார்க்கறது பத்தாதுன்னு உங்க காருக்கும் அவ ஆயா வேலை பார்க்கணுமா?"

சொன்ன பிறகுதான் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று உறைத்தது. அப்பா கோபப்படவில்லை. ஜன்னலைப் பார்த்தார். அதற்கு நேரே வெளியில்தான் கார் நின்றது.

"கதவைச் சாத்து" என்றார் மெதுவாக.

சாத்தினான்.

"நான் இனிமே எழுந்திருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? டாக்டர் உன்கிட்ட தனியா சொன்னது எனக்கும் கேட்டுச்சு."

"அப்புறம் எதுக்குப்பா இந்தப் பிடிவாதம்?"

"இந்த வீட்டுல யார் தும்மினாலும் என் காதுல விழும். அது உங்கம்மாவுக்கும் தெரியும். என் காதுபட அழுதுடக் கூடாதுன்னு அவளுக்கு அப்படி ஒரு வைராக்கியம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு நாள் பேட்டரி இறங்காம இருக்க அவ வண்டியை ஓட விட்டு உள்ள உட்கார்ந்திருந்தப்போ இஞ்சின் திடீர்னு நின்னுபோச்சு. அவ அழுதது நிக்கலை. இந்த ஜன்னல் வழியா அவ்வளவும் கேட்டுச்சு."

மூத்தவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அதுக்கப்புறம்தான் தினமும் விரட்ட ஆரம்பிச்சேன். சீக்கிரம் வந்தா திருப்பி அனுப்பினேன். நான் வேற என்னடா செய்ய முடியும் அவளுக்கு?"

வெளியே அம்மா மெக்கானிக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"வண்டி கெட்டுப்போனதுலேருந்து அவ அழவே இல்லைடா. சிரிச்சுக்கிட்டே இருக்கா. எனக்குப் பயமா இருக்கு."