ஆளுக்கொரு துவர்த்து

முட்டத்துக் கிளாராவின் தோளில் வந்த கட்டியிலிருந்து எடுத்த சீழில் கட்டிகளில் வழக்கமாகக் காணும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி வளர்ந்தது. அதில் அதிசயமில்லை. அதன் மரபணுவை வாசித்தபோதுதான், எங்கள் ஆய்வக உறைபெட்டியில் இருக்கும் ஒரு பழைய கிருமியின் நேர் வம்சம் அது என்று தெரிந்தது. அந்தப் பழைய கிருமி அவள் கணவன் ததேயுவின் முழங்கால் புண்ணில் எடுத்தது. புண் ஆறுமுன்பே அவன் கடலுக்குப் போய்க் காணாமல் போனான். ஐந்து வருடமாகிறது.

கிளாராவின் மூக்கிலும் தோலிலும் தேடினேன். கிருமி அங்கே குடியிருக்கவில்லை. ஆனால் ஐந்து வருடம் ஏதோ ஓர் உடம்பில் வாழ்ந்த அளவுக்கு அது மாறியிருந்தது.

“வீட்ல வேற ஆரு உண்டு அக்கா?” என்று கேட்டேன்.

“நான் மட்டுந்தான் மக்கா.”

“நீங்க குளிச்சிட்டுத் தொடைக்க துவர்த்த வேற ஆராவது எடுத்துத் தொடைப்பாவளா? அது வழியாவும் பரவும்.”

அவள் யோசித்தாள். “காலையில பாத்தா அது கொடியில நனைஞ்சுல்லா கெடக்கு. பனின்னு நெனச்சேன்.”

எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன்: ஆளுக்கொரு துவர்த்து, தனித்தனியாக.

மறுமாதம் வந்தபோது தோள் ஆறியிருந்தது.

“நீ சொன்ன மாதிரி அவருக்கு ஒண்ணு வாங்கித் தனியா போட்டேன்” என்றாள். “இப்பம் என்னோடது காய்ஞ்சுதான் கெடக்கு.”