அரை டம்ளர்

சமையலறை ஜன்னலில் காலை வெளிச்சம் அழுக்குத் துணிபோலத் தொங்குகிறது. முதல்நாள் வேலைக்குக் கிளம்பிவிட்ட மகள் தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோகிறாள். அம்மாவின் கை அதைப் பாதியில் பிடித்து நிறுத்துகிறது. "அரை டம்ளர் போதும்டி. மத்தியானம் வரைக்கும் தாங்கணும்." துணி தைக்கும் ஆலையில் இத்தனை வருஷம் மெஷின்முன் குனிந்து அம்மா கற்றுக்கொண்டது இதுதான். அங்கே கழிப்பறைக்கு எழுந்தாலே சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பான். "நான் போறது ஆபீசும்மா. அங்க பாத்ரூம் இருக்கு." "எங்களுக்கு மட்டும் இல்லையா? பளபளன்னு கட்டி வச்சிருக்கான். போறதுக்குத்தான் வாய்விட்டுக் கேக்கணும்." "கேப்பேன்." "கேப்பே, கேப்பே. காலேஜ்ல அதத்தான சொல்லிக் குடுத்தாங்க!" சொல்லிவிட்டு அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்கிறாள். நீர்க்கடுப்புக்கு வாங்கிய மாத்திரை அட்டை இன்னும் தீரவில்லை. மகளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்கிறாள். மறுபடி தளும்பத் தளும்ப நிரப்பி அம்மாவிடம் நீட்டுகிறாள். "குடி. டாக்டர் நிறையக் குடிக்கச் சொன்னார்ல." அம்மா மறுக்காமல் வாங்கிக்கொள்கிறாள். மாத்திரையைப் போட்டு, அது இறங்குமளவுக்கு ஒரு வாய் மட்டும் குடிக்கிறாள். மீதியை மேடைமேல் வைத்து, தட்டால் மூடுகிறாள். "சாயங்காலம் வந்து குடிக்கிறேன்டி. இப்ப வேலைக்குப் போகணும்ல."