ஆறாவது திருத்தம்

"அப்பா பேர்ல ஒரு எழுத்து தப்பும்மா. திருத்தி எடுத்துட்டு வாங்க."

மூன்றாம் கவுன்ட்டர் குமாஸ்தா மனுவைக் கண்ணாடிக்கு அடியில் வெளியே தள்ளினார். தையல்காரி அதைக் கையில் எடுத்தாள். இது ஆறாவது தடவை.

முதல் தடவை போட்டோவில் மகளின் காது தெரியவில்லை என்றார். அடுத்த தடவை நீல மை கூடாது, கறுப்பு மைதான் என்றார். கறுப்பு மையில் எழுதிக்கொண்டு போனால் படிவமே மாறிவிட்டதாம். அப்புறம் பிறப்புச் சான்றிதழில் முத்திரை மங்கல். அதற்கப்புறம் வீட்டு எண்ணுக்கும் தெரு எண்ணுக்கும் நடுவில் கோடு இல்லை. ஒவ்வொரு தடவையும் மனுவின் மூலையில் ஒரு முத்திரை விழும்: 'திருத்தத்துக்குத் திருப்பப்பட்டது. முப்பது நாள்.'

வரிசையில் நிற்பவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கொக்கி.

ஜனத்தொகை பெருகிவிட்டது, தாங்கவில்லை என்று அரசாங்கம் வெகுநாளாகப் புலம்பிக்கொண்டிருந்தது. போன வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டோடு உறவும் முறிந்தது. இரண்டு கோபத்தையும் சேர்த்து ஒரே உத்தரவாகப் போட்டுவிட்டார்கள். அப்பன் எந்த நாடோ, பிள்ளையும் அந்த நாடு. இங்கேயே இருக்க வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லை என்றால் பத்து நாளில் பிள்ளை பாலத்தைத் தாண்டிவிட வேண்டும்.

தையல்காரியின் புருஷன் அந்தப் பக்கத்திலிருந்து லாரி ஓட்டி வந்தவன். இங்கேயே கல்யாணம் செய்து, இங்கேயே செத்தும் போனான். மகளுக்கு ஆறு வயசு. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு ஈ காக்கை தெரியாது.

ஆறு மாதமாகத் தையல்காரிக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் சட்டைக் காலரை மாற்றித் தைத்தாள். ஊசி விரலில் ஏறியது. இன்னொரு நாள் லீவு கேட்டால் மிஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். போலீஸ் வேன் தெருவில் திரும்பினாலே மகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா சார்?" என்று கேட்டாள்.

குமாஸ்தா பேனாவை மூடினார். "அடுத்த ஆள் வாங்க."

இனி இந்த ஆளிடம் மாரடிக்க முடியாது. மாடியில் அதிகாரி இருக்கிறார். தங்கமான மனுஷன், நாற்காலி போட்டு உட்காரவைப்பார், அன்றைக்கே முடிவு எழுதிக் கொடுத்துவிடுவார் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். தையல்காரி படியேறினாள்.

அதிகாரி அறை வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. அவளுக்கு முன்னால் நர்ஸ் உடுப்பில் ஒரு பெண், இரட்டைப் பெண் குழந்தைகளோடு உள்ளே போனாள். பத்தே நிமிஷம். அதிகாரி வாசல் வரைக்கும் கூடவே வந்து, குழந்தைகள் கையில் ஆளுக்கொரு மிட்டாய் வைத்து, தலையைத் தடவி வழியனுப்பினார்.

நர்ஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கையிலிருந்த தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கிடைச்சுதா அக்கா?" என்று தையல்காரி கேட்டாள்.

"பத்து நாள்ல அனுப்பிடணுமாம்."

தையல்காரிக்கு விளங்கவில்லை. நர்ஸ் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இந்த வருஷத்துக்கு இத்தனை பிள்ளை என்று ஒரு கணக்கு உண்டாம். அது முதல் வாரத்திலேயே நிரம்பிவிட்டதாம். இப்போது எந்த மனு மேலே வந்தாலும் 'இல்லை' என்றுதான் எழுத முடியுமாம். அதிகாரி ரொம்ப வருத்தப்பட்டாராம்.

"கீழே அந்தக் கொக்கி என்னையும் நாலு தடவை திருப்பினான். பொறுக்காமத்தான் மேலே வந்தேன்." குரல் இறங்கியது. "மனு திருத்தத்துல இருக்கிற வரைக்கும் பிள்ளைய யாரும் தொட முடியாதாம். அதிகாரி இப்பத்தான் சொல்றாரு."

அறைக்குள்ளிருந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். கனிவான குரல்தான். தையல்காரி மனுவைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

முப்பதாம் நாள் மறுபடி மூன்றாம் கவுன்ட்டரில் நின்றாள். அன்றைக்கென்று அதிகாரியே கீழே வந்து குமாஸ்தாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மனுக்கள் ஏன் இப்படித் தேங்கிக் கிடக்கின்றன என்று மேலிடத்தில் கேட்டார்களாம்.

குமாஸ்தா முதல் பக்கத்தைப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார். அப்பா பெயர் சரி. முத்திரை சரி. மை கறுப்பு. மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனார். அவர் காதோரம் வியர்வை இறங்குவதைத் தையல்காரி பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு," என்றார் அதிகாரி. "பாவம், எத்தனை தடவை அலையவிடுவீங்க? குடுங்க, இன்னைக்கே முடிச்சுக் குடுத்துடறேன்."

மனுவை வாங்க அவர் கை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் சார்." தையல்காரி கண்ணாடிக்கு அடியில் கையை நுழைத்து, மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்தாள். "பொண்ணு பிறந்த வருஷத்தை நான் தப்பா எழுதிட்டேன்."

குமாஸ்தா அந்த விரலையே ஒரு கணம் பார்த்தார்.

"படிச்சுப் பார்த்து எழுதறதுக்கென்னம்மா? உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றது?" என்று கவுன்ட்டரே அதிரும்படி எரிந்து விழுந்தார். அதிகாரி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள், முத்திரை விழுந்துவிட்டது: முப்பது நாள்.