எத்தனை விரல்?

வாத்தியாரின் பின்கழுத்தில் ஒரு மச்சம் இருந்தது.

பதினைந்து வருடமாக அவருக்கு முடி வெட்டுகிறேன், அதை மறந்தே போயிருந்தேன். நாலு மாதமாக அந்த இடம் எனக்கு வெறும் வெளுப்பு. இன்று மச்சமும் தெரிந்தது, அதில் முளைத்திருந்த ஒற்றை முடியும் தெரிந்தது. அந்த முடியைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் தெரிந்திருந்தால் மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடியிருப்பார்.

போன வருடம் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டேன். கட்டுப் பிரித்த அன்று தெருவையே கூட்டி, எதிர் மாடிக் கொடியில் எத்தனை கிளிப் இருக்கிறது என்று எண்ணிக் காட்டியவன் நான். அப்படிப் பீற்றிக்கொண்டுவிட்டு, ஆறே மாதத்தில் மறுபடியும் புகைமூட்டம் என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லவில்லை. பயம். ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது, இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

என் சலூனில் ஒரு சபதம் உண்டு. வெட்டு கோணல் என்று ஒருவர் சொன்னாலும் அன்றைக்கே கத்தரியைக் கீழே வைத்துவிடுவேன். வருகிறவர்களுக்கெல்லாம் இது மனப்பாடம்.

நாலு மாதத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டுவதற்குள் "பிரமாதம்" என்று எழுந்துவிடுவார்கள். கண் போனாலும் கை போகவில்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது. சின்னக் கத்தரி ஒன்று காணாமல் போனபோதுகூட, கண் தெரியாமல் நான்தான் எங்கோ வைத்துவிட்டேன் என்று கமுக்கமாக இருந்துவிட்டேன். அதை மாட்டும் ஆணி காலியாகவே கிடந்தது.

எதிரே மனைவியின் தையல் கடை. என் கடையை விட்டு இறங்குகிறவர்கள் நேராக அங்கே போவது நிழல் மாதிரி தெரியும். சரி, அவளுக்கும் வியாபாரம் நடக்கிறது, எல்லாம் என் கைராசி என்று நினைத்துக்கொள்வேன்.

அவளிடம்தான் ரொம்பக் கவனமாக இருந்தேன். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து தினமும் ஒரு தடவை தன் கடை வாசலில் நின்று கையைத் தூக்குவாள். எத்தனை விரல் என்று நான் இங்கிருந்து சொல்ல வேண்டும். இந்த நாலு மாதமும் குத்துமதிப்பாக அடித்துவிட்டேன். ஒரு நாள் மூணு என்பேன், ஒரு நாள் நாலு என்பேன். "சரி!" என்று கத்திவிட்டு உள்ளே போய்விடுவாள். என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொள்வேன்.

போன வாரம் ஒருவர் காதோரத்தில் கத்தரி லேசாகப் பட்டுவிட்டது. அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதிர்ஷ்டத்தை அதற்கு மேல் நம்ப முடியவில்லை.

நேற்று, கத்தரிகளைச் சாணை பிடித்துவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். புரை திரும்ப வரவில்லையாம். வைத்த லென்ஸுக்குப் பின்னால் ஒரு படலம் வளர்ந்திருக்கிறதாம், ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்கும் வருவதுதானாம். லேசர் வைத்தார்கள். வலியே இல்லை, உட்கார்ந்து எழுந்த நேரம்தான். இதற்கா நாலு மாதம் பயந்து செத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்று வாத்தியாருக்கு நூல் பிடித்தாற்போல வெட்டினேன். வழக்கம்போல் கண்ணாடியைப் பார்க்காமலே "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். தெருவைக் கடந்தார். தையல் கடைக்குள் நுழைந்தார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று முதல் தடவையாக எனக்குத் தெரிந்தது.

வாத்தியார் யாரும் சொல்லாமலே முக்காலியில் உட்கார்ந்தார். மனைவி அவர் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினாள். மேசையிலிருந்து கத்தரியை எடுத்தாள். துணி வெட்டுகிற பெரிய கத்தரி இல்லை. காணாமல் போன என் சின்னக் கத்தரி.

எனக்குக் காது வரை சூடேறியது. நாலு மாதம். அத்தனை தலைகள்.

அவள் சீப்பால் முடியைத் தூக்கிப் பார்த்தாள். இடப்பக்கம் குனிந்தாள், வலப்பக்கம் குனிந்தாள். இரண்டு காதோரமும் விரலை வைத்து அளந்தாள். வாத்தியார் பழகிய பொறுமையோடு தலையைக் குனிந்தபடி இருந்தார். வெட்டுவதற்கு ஒன்றுமே கிடைக்காமல் கத்தரி அந்தரத்தில் நின்றது.

மெதுவாக நிமிர்ந்து என் பக்கம் பார்த்தாள். வாசலுக்கு வந்தாள். கையில் இருப்பதைக் கீழே வைக்கக்கூட மறந்து, கையைத் தூக்கினாள்.

"விரலக் காணோம், கத்தரிதான் இருக்கு!" என்று கத்தினேன்.

இன்று அவள் "சரி" என்று சொல்லவில்லை. துண்டும் தோளுமாக வாத்தியாரை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து வந்தாள். காலியாக இருந்த ஆணியில் கத்தரியை மாட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை.

"நேத்து சாணை பிடிக்கப் போனீங்களே," என்றாள், "இதையும் சேத்து எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?"