கடைசி ஐந்து நிமிடப் பயங்கரம்

தகரத்தில் நகத்தை வைத்து இழுப்பது போல ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஒரு பெண்ணின் ஓலம். சுவரே அதிர்ந்தது.

தொட்டிலில் கிடந்த நாற்பது நாள் குழந்தை தூக்கிவாரிப் போட்டு வீறிட்டது.

ஈவா ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள். அவள் வீட்டுப் பின்சுவரை ஒட்டித்தான் தியேட்டர். வெள்ளிக்கிழமை அந்தப் பேய்ப்படம் வந்ததிலிருந்து இதே கூத்து. பகல் காட்சி முடியும் நேரம் குழந்தையோடு சர்ச்சுக்குப் போய்விடுவாள்; ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கே போவது? அதற்கப்புறம் விடிய விடியக் குழந்தை பால் குடிக்காது. புருஷன் ஆலன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போயிருந்தான். வர இன்னும் பத்து நாளாகும்.

காலையில் குழந்தையோடு தியேட்டர் மேனேஜர் கருத்தப்பாண்டி முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, அந்தக் கடைசிச் சீனுக்கு மட்டும் சத்தத்தைக் குறைங்கண்ணே.”

“நல்லாச் சொன்ன போ! அந்த ஓலத்தைக் கேக்கத்தான் திருச்சுழியில இருந்து வேன் புடிச்சு வாரானுக. குறைச்சா சீட்டைக் கிழிச்சிருவானுக.”

“பிள்ளை பால் குடிக்க மாட்டேங்குதுண்ணே.”

“காதுல பஞ்சை வையி. இல்லைன்னா ஒங்கம்மா வீட்டுக்குப் போ.”

ஈவா விடுவிடுவென்று வெளியே வந்தாள். இவனெல்லாம் ஒரு மனுசனா? காரியாபட்டியில் அம்மா வீடு ஒற்றை அறை. அதில் அண்ணன், அண்ணி, மூன்று பிள்ளைகள். இருந்தாலும் வேறு போக்கிடம்?

பதினொரு மணிக்குத் தெருவில் மைக் கட்டிய ஆட்டோ வந்தது.

“நமது திரையரங்கில் மட்டும்! கடைசி ஐந்து நிமிடம், வேறெங்கும் காணாத புதுப் பயங்கரம்! இதயம் பலவீனமானவர்கள் வரவேண்டாம்!”

இருக்கிறது போதாதென்று இது வேறா! விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவது என்று துணிமணிகளைப் பையில் திணித்தாள்.

ராத்திரி ஒன்பது. குழந்தையின் காதுகளைப் பொத்திக்கொண்டு, “யேசப்பா” என்று கண்ணை மூடினாள்.

சத்தம் வரவில்லை.

குழந்தை அது பாட்டுக்குப் பால் குடித்தது. ஆனால் வெளியே, ஜன்னலுக்குப் பக்கத்தில், ஓர் ஆணின் கிசுகிசுப்பு.

“இன்னும் குறைலே... இன்னும்... ம், அப்படியே வையி.”

பயந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். கருத்தப்பாண்டி! ஒரு காதை அவள் வீட்டுச் சுவரில் வைத்திருந்தார். இன்னொரு காதில் போன்.

கதவைத் திறந்தாள். திருடன் போல முழித்தார்.

“ஆப்பரேட்டருகிட்டப் பேசுறேம்மா. இங்க எம்புட்டுக் கேக்குதுன்னு உள்ள இருந்தாத் தெரியலை.”

“சீட்டைக் கிழிப்பாங்கன்னீங்களே?”

“பிள்ளைக்காகக் குறைச்சேன்னு சொன்னாக் கிழிப்பான். சத்தமே இல்லாததைப் புதுப் பயங்கரம்னு சொன்னேன், முந்நூறு பேரும் மூச்சு விடாம உக்காந்திருக்கான். மேட்னியில ரெண்டு பேருக்கு மயக்கமே வந்துருச்சு! மதுரையில இருந்து விநியோகஸ்தர் போன் போட்டு, எல்லா ஊர்லயும் இப்படியே ஓட்டலாமாங்காரு.”

“இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாம்லண்ணே?”

“யோசனை வரணும்ல தாயி! நீ போன பொறவுதான் வந்துச்சு.” உள்ளே எட்டிப் பார்த்தார். “பையி எதுக்கு?”

“அழுக்குத் துணிண்ணே.”

“சரி, சாத்திக்கோ. படம் விடப்போகுது.”

மறுபடி சுவரில் காதை வைத்துக்கொண்டார்.

ஈவா உள்ளே போய், சத்தமே வராமல் தாழ்ப்பாளைப் போட்டாள்.